முதலினமும் வழியினமும்

 

திருவள்ளூர் மாவட்டத்தில், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் தெற்கே எண்ணூர்க் கழிமுகமும் வடக்கே பழவேற்காட்டு ஏரியுமாக நான்கு புறமும் நீர் சூழ, ஒரு மணல்திட்டு நீண்டு கிடக்கின்றது. அத்திட்டின்மேல் அமைந்த ஊர் காட்டுப்பள்ளி. வலையும் படகுமே வாழ்வாயிருந்த அவ்வூரில் இன்று கப்பல் கட்டும் தளம் ஒன்று உண்டு. 2013 முதல் இயங்கிவரும் சரக்குத் துறைமுகமும் உண்டு. இன்று இங்கே பேசப்படும் பொருள் கணிப்பொறியைச் சார்ந்தது. ஆயினும் அதனைத் தொடங்குதற்கு அக்கப்பல் தளத்தினும் ஏற்ற இடம் வேறில்லை.

இந்தியக் கடலோரக் காவற்படைக்கென எல் அண்டு டி நிறுவனம் 'விக்கிரம்' முதலாக ஏழு சுற்றுக்காவற் கலங்களைக் கட்டி, 2018 முதல் 2021 வரையிலான காலத்தில் ஒப்படைத்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 98 மீட்டர் நீளம். அவ்வரிசைக் கலங்கள் பல நீரிறங்கிய இடம் காட்டுப்பள்ளி. கப்பல் வல்லுநர் அவ்வேழினையும் சேர்த்து 'விக்கிரம் வகுப்பு' என்பர். பின்னர் அதே தளத்தில், கொல்கத்தாவின் கார்டன் ரீச் நிறுவனத்தோடு கூட்டாக, 'அர்னாலா' என்னும் வேறொரு கலம் உருவாயிற்று. கரையோர ஆழமற்ற நீரில் நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பது அதன் பணி. நீளம் ஏறத்தாழ 77 மீட்டர். 2022 திசம்பர் 20-இல் காட்டுப்பள்ளியில் நீரிறங்கி, 2025 சூன் 18-இல் விசாகப்பட்டினத்தில் கடற்படையோடு சேர்ந்தது. அதன் பெயரால் அமைந்தது 'அர்னாலா வகுப்பு'.

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்துணர்தல் வேண்டும். ஏழு கலங்களுக்கும் வரைவு ஒன்றே. வரைவு மிதப்பதில்லை, கலமே மிதக்கும். வரைவில் "எரிபொருள் தொட்டி உண்டு" என்று மட்டுமே இருக்கும். அத்தொட்டியில் இன்று எவ்வளவு எரிபொருள் உள்ளது என்பது விக்கிரத்துக்கு ஒன்று, வச்சிராவுக்கு வேறொன்று. வரைவை ஒத்தது இனம். அவ்வரைவின்படி எழுந்து தனக்கெனப் பெயரும் நிலையும் கொண்டு மிதக்கின்ற கலத்தை ஒத்தது பொருள். பொருள்நோக்கு நிரலாக்கம் என்று இக்காலத்தார் வழங்கும் முறையில், நிரல் எழுதுவோன் முதற்கண் இனங்களை வரைகின்றான். பின்னர் அவ்வினங்களினின்று வேண்டிய பொருள்களைப் பிறப்பிக்கின்றான். ஒவ்வோர் இனத்திலும் இருப்பவை இரண்டே. ஒன்று பண்பு, நீளம், எடை, எரிபொருள் அளவு போல்வன. மற்றொன்று செயல், புறப்படு, நில், நங்கூரம் இறக்கு போல்வன.

அடுத்த படியே இன்றைய உரையின் உயிர். சுற்றுக்காவற் கலத்துக்கு ஓர் இனம் வரைந்தாயிற்று. இனி நீர்மூழ்கி எதிர்ப்புக் கலத்துக்கும் ஒன்று வரைய வேண்டும். இரண்டுக்கும் நீளம் உண்டு, எடை உண்டு, எரிபொருள் உண்டு. இரண்டும் நங்கூரம் இறக்கும். இவற்றை இருமுறை எழுதுவதா? எழுதினால் கை ஓய்வது மட்டுமன்று. நங்கூரம் இறக்கும் செயலில் ஒரு பிழை இருந்து, அதனை ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் மறந்தால், ஒரு கலம் சரியாகவும் மற்றொன்று பிழையாகவும் ஒழுகும். பத்து வகைக் கலங்களாயின் பத்து இடங்களில் திருத்த வேண்டும். எனவே எல்லாவற்றுக்கும் பொதுவானதைக் 'கப்பல்' என்னும் ஒரே இனத்தில் ஒருமுறை எழுதி வைப்பர். பின்பு, "சுற்றுக்காவற்கலம் என்பது கப்பல் இனத்தின் வழியது" என ஒரு வரி எழுதிவிட்டு, அதற்கே உரிய உலங்கூர்தித் தளம் முதலியவற்றை மட்டும் சேர்ப்பர். கப்பலின் பண்பும் செயலும் எழுதாமலே அதற்கு வந்து சேரும். இதனையே மேலையர் 'இன்கெரிட்டன்சு' என்றனர். தமிழ்நாட்டுப் பாடநூல் 'மரபுரிமம்' என்றது.

இது தோன்றிய இடம் நார்வே நாட்டின் ஓசுலோ. அங்கிருந்த நார்வேக் கணிப்பு நடுவத்தில் ஓலே யோகான் தால், கிறித்தன் நைகார்டு என்னும் இருவர், உலக நிகழ்ச்சிகளைக் கணிப்பொறிக்குள் போலச் செய்து பார்ப்பதற்கென 'சிமுலா' என்னும் நிரல்மொழியை ஆக்கிக்கொண்டிருந்தனர். அவர்கள்முன் இருந்த எடுத்துக்காட்டு மிக எளியது: சுங்கம் தண்டும் ஒரு பாலம், அதன்முன் வரிசையில் நிற்கும் ஊர்திகள். சில சுமையுந்துகள், சில பேருந்துகள். வரிசையில் நிற்பது இரண்டுக்கும் பொது. சுமை ஒன்றுக்கும் பயணிகள் மற்றொன்றுக்கும் தனி. பொதுவை எவ்வாறு ஒருமுறை மட்டும் எழுதுவது? ஆங்கிலேய அறிஞர் தோனி ஓர் ஏற்கெனவே பதிவினங்களைப் பற்றி எழுதியிருந்தது அவர்களுக்கு ஒளி காட்டியது. 1966-ஆம் ஆண்டின் இறுதியில் வழி புலப்பட்டது. 1967 மே மாதம் ஓசுலோவில் கூடிய ஆய்வரங்கில் இனமும் உள்ளினமும் பற்றிய அவர்தம் கட்டுரை படிக்கப்பட்டது. அவர்கள் அதற்கு மரபுரிமை என்று பெயரிடவில்லை என்பது கருதத்தக்கது. பொது இனத்தின் பெயரைச் சிறப்பு இனத்தின் முன்னே எழுதியமையால், முன்னொட்டு என்றே வழங்கினர். மரபுரிமை என்னும் பெயர் பின்னர் ஒட்டிக்கொண்டது. அவ்விருவர்க்கும் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த தூரிங்கு விருது 2001-ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது. 2002-இல் இருவருமே மறைந்தனர்.

இனி, தமிழ் கற்றோர்க்கு இக்கருத்து எத்துணை அண்மையது என்பதைக் காண்போர் வியப்பர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல். அதில் உயிர்கள் அறிவின் அளவால் ஆறு படியாக வகுக்கப்பட்டுள்ளன. முதற்படி தொடுவுணர்வு மட்டும் உடையது. புல்லும் மரமும் அதன்பாற்படும். இரண்டாம் படிக்கு அதனோடு நாவுணர்வு கூடும். மூன்றாம் படிக்கு மூக்கு. நான்காம் படிக்குக் கண். ஐந்தாம் படிக்குச் செவி. ஆறாம் படியாகிய மாந்தனுக்கு மனம். நத்தையும் சிப்பியும் இரண்டாவது. எறும்பும் கறையானும் மூன்றாவது. நண்டும் தும்பியும் நான்காவது. இவ்வடுக்கில் எந்தப் படியும் முந்தைய படியை மீண்டும் விரித்துரைப்பதில்லை. 'அதனோடு' என்னும் ஒரு சொல்லாலேயே முன்னவை எல்லாம் வந்துவிடுகின்றன. எறும்புக்குத் தொடுவுணர்வு உண்டா என்று யாரும் தனியே கேட்க வேண்டுவதில்லை. பாடநூல் இதனைப் பலநிலை மரபுரிமம் என்னும்.

இதனைச் சொல்லியவுடன், தொல்காப்பியர் அன்றே கணிப்பொறி கண்டார் என்று மார்தட்டக் கிளம்புவோர் சிலர் உண்டு. அது வேண்டாத வேலை. கணிப்பொறியைப் பற்றி அவர்க்கு ஒன்றும் தெரியாது, தெரிந்திருக்கவும் வேண்டா. பொதுவை ஒருமுறை சொல்லிச் சிறப்பை மட்டும் மேலே சேர்ப்பது, பெருந்தொகைப் பொருள்களை ஒழுங்குபடுத்த முனைந்த தெளிந்த மூளை எதுவாயினும் கண்டடையும் முறை. தமிழ் இலக்கணியர் அம்முறையில் நெடுங்காலம் பழகியவர். ஆகவே தமிழறிந்த மாணவனுக்கு இப்பாடம் அயலானதன்று. பெருமை அவ்வளவே, அது போதும்.

அதே இயலில் இன்னொன்று உண்டு. புறத்தே வயிரம் உடையது புல். அகத்தே வயிரம் உடையது மரம் என்று அங்கே பிரிக்கப்படுகின்றது. அப்படியாயின் காட்டுப்பள்ளி மணலில் நிற்கும் பனை, மரமன்று, புல். ஊரார் பனைமரம் என்றே சொல்வர்; சொல்லட்டும். இக்கால நிலைத்திணை நூலாரும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைப் பிரிவில் ஒருங்கு வைப்பர். நிரல் எழுதுவோன் பெயரைப் பார்த்து ஏமாந்து பனையை மர இனத்தின் வழியில் வைத்தால் என்ன ஆகும்? மரத்துக்கு எழுதிய "கிளை வெட்டு" என்னும் செயல் பனைக்கும் போய்ச் சேரும். எதனை எதன் வழியில் வைப்பது என்பது பெயரால் முடிவதன்று, இயல்பால் முடிவது.

இனி, வழியினம் தன் முதலினத்தினின்று மாறுபடலாமா? மாறுபடலாம். பெரும்பாலான கப்பல்களை உந்துவது நீருக்கடியில் சுழலும் விசிறி. அர்னாலா அவ்வாறன்று. தேயெண்ணெய்ப் பொறியால் நீரை உறிஞ்சிப் பின்னே பீச்சி, அவ்வுந்தலால் முன்செல்வது; அம்முறையில் இயங்கும் இந்தியக் கடற்படைப் போர்க்கலங்களுள் அதுவே பெரியது என அறிவிக்கப்பட்டது. ஆகவே, கப்பல் இனத்தில் 'செல்' என்னும் செயலுக்கு விசிறியைச் சுழற்று என்று எழுதியிருந்தாலும், அர்னாலா இனத்தில் அதே பெயரில் நீரைப் பீச்சு என்று மாற்றி எழுதலாம். கணிப்பொறி முதலில் வழியினத்தில் தேடும். அங்கே இருந்தால் அதனையே செய்யும். இல்லையெனின் முதலினத்துக்கு ஏறும். அங்கும் இல்லையெனின் அதற்கும் மேலுள்ளதற்கு ஏறும்.

இது புணர்ச்சி இலக்கணம் பயின்ற எவர்க்கும் தெரிந்த நெறி அன்றோ! நிலைமொழி உயிரில் நிற்க, வருமொழி வல்லெழுத்தில் தொடங்கினால் அவ்வெழுத்து மிகும் என்பது நன்னூலார் கூறும் பொதுநெறி. அதன்படி பலாவும் காயும் சேர்ந்து பலாக்காய் ஆகும். அப்பொது நெறியை அடுத்தே, மரப்பெயர்கள் சிலவற்றின் பின் வல்லெழுத்துக்கு இனமான மெல்லெழுத்து வரும் என்று சிறப்புநெறி ஒன்று வைத்தார். மாவும் காயும் மாங்காய் ஆவது அதனால். விளவின் காய் விளங்காய் ஆவதும் அதனால். மா தனக்கென நெறி கொண்டது. ஆதலால் பொதுநெறியைக் கேளாது. பலா தனக்கென ஒன்றும் கொள்ளவில்லை. ஆதலால் பொதுநெறிப்படி நடந்தது. மாங்காய்க்கென நன்னூலார் பொதுநெறியை அழிக்கவில்லை. அதனை அப்படியே நிற்கவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் வேறுபடுத்தினார். நிரலாளன் செய்வதும் இதுவே.

இம்மாற்றத்தின் பயன் ஒன்று உண்டு. மரபியலின் தொடக்கத்தில் இளமைப் பெயர்கள் வரும். பறவையின் இளமை பார்ப்பு. ஆட்டின் இளமை மறி. யானையின் இளமை கன்று. நாயின் இளமை குருளை. வினா ஒன்றே, விடையோ உயிர்க்கு உயிர் வேறு. நிரலிலும் "உன் இளமைப் பெயர் யாது?" என்று ஒரே வினாவை எல்லாப் பொருள்களிடமும் வரிசையாகக் கேட்கலாம். கேட்பவன் எதிரே நிற்பது ஆடா யானையா என ஆராய வேண்டுவதில்லை. ஒவ்வொரு பொருளும் தன் இனத்துக்கு ஏற்ப விடை தரும். பாடநூல் இதற்குப் பல்லுருவாக்கம் எனப் பெயர் வைத்துள்ளது, நல்ல பெயர். துறைமுகத்தில் பெட்டகக் கப்பலும் எண்ணெய்க் கப்பலும் உந்து ஏற்றும் கப்பலும் நிற்க, "சரக்கு இறக்கு" என்னும் ஓர் ஆணை அவ்வவற்றுக்கு ஏற்ப நிறைவேறுவது இத்தன்மைத்து.

இத்துணையும் கேட்ட மாணவன் ஒரு தவறான கருத்தோடு வீடு திரும்பக்கூடும். அதனைத் தடுத்தல் ஆசிரியர் கடன். மரபுரிமை என்ற சொல் காதில் விழுந்தவுடன் தந்தை, மகன், சொத்து என்று உள்ளம் ஓடும். பழவேற்காட்டு ஏரி மீனவரிடையே 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. இறால் பிடிக்கும் இடங்களை, ஊரின் தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். அவ்வுரிமை பிறப்பு வழியே வருவது. தலைக்கட்டுகள் பெருகப் பெருக, ஒவ்வொருவர்க்கும் வரும் முறை சுருங்கும். உலகியல் மரபுரிமை எல்லாம் இத்தகையது. கொடுத்தவன் இழப்பான்; பெறுவோர் பெருகினால் பங்கு குறையும். நிரலிலோ முதலினம் எதனையும் இழப்பதில்லை. வழியினம் நூறானாலும் ஒவ்வொன்றும் முழுமையாகவே பெறும். அன்றியும், ஒரு கப்பலில் உள்ள எரிபொருள் மற்றொரு கப்பலுக்கு வந்துவிடுவதில்லை. வருவது தொட்டியின் அமைப்பே; தொட்டியில் உள்ளது அன்று. தந்தையின் பணப்பை மகனுக்கு வருவது போன்றது எனப் பாடம் நடத்துவோர், பிள்ளைகளை முதல் நாளிலேயே குழப்பிவிடுகின்றனர்.

எல்லாவற்றினும் பெரிய வேறுபாடு பின்வருவது. மகன் தந்தையின் ஒரு வகை அல்லன்; சுற்றுக்காவற்கலமோ கப்பலின் ஒரு வகையே. ஆகவே இவ்வுறவுக்குக் குடும்பத்தை உவமை கூறுவதை விடுத்து, இலக்கணத்தை நாடுதல் நன்று. சாரைப்பாம்பு என்பது இருபெயரொட்டுப் பண்புத்தொகை. விரித்தால் சாரையாகிய பாம்பு. இரு பெயரும் ஒரே பொருளைக் குறிக்கும். முன்னது சிறப்பு, பின்னது பொது. பாம்புவால் என்பதோ ஆறாம் வேற்றுமைத் தொகை, பாம்பினது வால். அங்கே இரண்டு பொருள்கள். ஒன்று மற்றொன்றை உடையது. நிரலாளன் முன்னே எப்போதும் நிற்கும் வினாவும் இதுவே. இரண்டுக்கும் நடுவில் 'ஆகிய' என்பதை இட்டுப் பாருங்கள்; பொருந்தினால் வழியினமாக்குக. சுற்றுக்காவற்கலமாகிய கப்பல், பொருந்துகின்றது. பொறியாகிய கப்பல், பொருந்தவில்லை. பொறியை உடைய கப்பல், பொருந்துகின்றது. 'உடைய' பொருந்துமிடத்தில் வழியினமாக்குதல் கூடாது. கப்பலுக்குள் பொறியை ஓர் உறுப்பாக வைத்தல் வேண்டும். ஆங்கிலவழிப் பாடநூல்கள் பல பக்கங்களில் விளக்கும் வேறுபாட்டை, பள்ளியில் தொகைநிலைத் தொடர் படித்த பிள்ளை இரண்டு சொல்லால் பற்றிக்கொள்ளும்.

'ஆகிய' பொருந்தினும் இடர் தீர்ந்ததென எண்ணற்க. 2017 சனவரி 28 விடியற்காலையில், காட்டுப்பள்ளியை அடுத்த எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு அருகில் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று நீர்மமாக்கிய எரிவளி ஏற்றுவது; மற்றொன்று பாறைநெய்ப் பொருள்கள் ஏற்றுவது. கருநெய் கடலில் கொட்டிக் கரையெங்கும் அப்பியது. அதனை மக்கள் வாளிகளால் அள்ளிய காட்சியை நாடே கண்டது. இரு கப்பல்களும் தொட்டிக்கப்பல்களே. 'தொட்டிக்கப்பல்' என்னும் ஒரு முதலினத்தில் இரண்டையும் வைப்பது முறையே. ஆனால் "கசிந்தால் செய்வது" என்னும் செயலை அம்முதலினத்திலேயே ஒருமுறை எழுதிவிட்டு வழியினங்களில் மாற்ற மறந்தால்? எரிவளி கசிந்தால் அது காற்றில் பரவும். தீப்பொறி அண்டாது காத்தலும் ஆட்களை அகற்றுதலும் முதல் வேலை. எண்ணெய் கசிந்தால் நீர்மேல் படரும். மிதவை வேலி இட்டு வளைத்தல் வேண்டும். ஒன்றன் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. எழுதாமலே வந்து சேர்வதால் எளிமை. எழுதாமலே வந்து சேர்வதால்தான் இடரும். கண்ணுக்குத் தெரியாமல் வந்தமர்ந்த செயலை எவரும் மறுபடி எண்ணிப் பார்ப்பதில்லை.

உலகறிந்த ஒரு நிகழ்ச்சி இதற்குத் துணை நிற்கும். ஐரோப்பியரின் ஏரியன் 5 ஏவூர்தி 1996 சூன் 4-இல் தென்னமெரிக்கக் கூரூ ஏவுதளத்திலிருந்து முதன்முறை எழுந்தது. ஏறத்தாழ 40 நொடிக்குள் சிதறியது. முந்தைய ஏரியன் 4-க்கென எழுதிய வழிகாட்டுக் கருவியின் நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தனர். அதில் ஓர் எண்ணை 16 இருமக் கட்டங்களுக்குள் அடக்கும் வரி இருந்தது. அக்கட்டங்களில் 32,767-க்கு மேல் அடங்காது. பழைய ஏவூர்தியின் கிடைவிரைவுக்கு அது போதும். புதியதோ மிக விரைந்தது, எண் அடங்கவில்லை, கருவி நின்றது. இது இனவழி மரபுரிமையால் நேர்ந்ததன்று. நிரலை மறுபடி பயன்படுத்தியதால் நேர்ந்தது. ஆயினும் நோய் ஒன்றே: முன்னோன் எந்த எல்லைக்குள் நின்று எழுதினான் என்பதைப் பெற்றவன் பார்க்கவில்லை.

எப்போது முதலினத்தின் இடத்தில் வழியினத்தை நம்பி வைக்கலாம் என்பதற்கு, அமெரிக்க அறிஞர் பார்பரா லிசுகோவ் அம்மையார் 1987-இல் ஓர் உரையில் அளவுகோல் தந்தார். முதலினப் பொருள் நிற்குமிடத்தில் வழியினப் பொருளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், அதனை நம்பி எழுதிய நிரல் பிழையாது நடத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. அவர்க்கும் 2008-ஆம் ஆண்டின் தூரிங்கு விருது கிடைத்தது.

இரண்டு முதலினங்கள் உடைய வழியினமும் உண்டு. இராமநாதபுர மாவட்டத்து மண்டபத்தில் கடலோரக் காவற்படையினர் காற்றுமெத்தைக் கலங்களை வைத்துள்ளனர். அவை நீரிலும் செல்லும், மணலிலும் ஏறும். அதனை நீர்க்கலத்தின் வழியில் வைப்பதா, தரையூர்தியின் வழியில் வைப்பதா? இரண்டின் வழியிலும் வைத்தால், 'நில்' என்றவுடன் நங்கூரம் இறக்குமா, தடையை அழுத்துமா? இச்சிக்கலில் நிரல்மொழியார் ஒத்த கருத்தினர் அல்லர். பியார்னே இசுட்ரௌசுட்ரப் ஆக்கிய சி++ மொழியில் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இது ஒப்பப்பட்டது. 1995-இல் வெளிவந்த சாவா, ஓர் இனத்துக்கு ஒரு முதலினமே எனக் கண்டித்துவிட்டது. பைத்தான் மொழி ஒப்பி, எந்த முதலினத்தை முதலில் தேடுவது என வரிசை வகுத்தது. 1994-இல் எரிக்கு காமா முதலிய நால்வர் எழுதிய புகழ்பெற்ற நூல், இயன்றவரை வழியினமாக்குவதைக் குறைத்து உறுப்பாக்குவதையே மேற்கொள்க என்றது. 2009-இல் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட 'கோ' மொழியிலோ இனவழி மரபுரிமையே இல்லை. ஓசுலோவில் பிறந்த கருத்து அரை நூற்றாண்டுக்குள் போற்றவும்பட்டது, ஒதுக்கவும்பட்டது.

இனிச் சொல்லைப் பற்றி. தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், 'இனக்குழு' என்றும் 'அடிப்படை இனக்குழு', 'தருவிக்கப்பட்ட இனக்குழு' என்றும் எழுதுகின்றது. ஆக்கியோர் உழைப்பைக் குறைகூறுதல் நன்றன்று. இத்துறையில் தமிழில் எழுதியதே பெரிது. ஆயினும், இனக்குழு என்பது மாந்தக் கூட்டத்தைக் குறிக்க நிலைத்துவிட்ட சொல். இனம் என்பதே போதுமாயிருக்கக் குழு எதற்கு? வகுப்பு என்னலாமோ எனின், கப்பலுக்குப் பொருந்தும். பள்ளியில் 'முதல் வகுப்பு' என்றவுடன் ஐந்து அகவைக் குழந்தைகள் நினைவுக்கு வருவர்! தாயினம், சேயினம் எனின் மேலே கண்ட குடும்பக் குழப்பம் திரும்பவும் புகும். தமிழ் மரபிலேயே ஆயத்தமாகக் கிடப்பது நூல்வகைப் பெயர். முதல்நூல், வழிநூல் என மரபியல் பிரிக்கும். முதல்நூலின் பொருளை ஏற்று, ஆசிரியன் வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் செய்வது வழிநூல். தொல்காப்பியத்தின் வழியில் நன்னூல் நிற்பது அவ்வாறே. நன்னூல் தோன்றியதால் தொல்காப்பியம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆகவேதான் இவ்வுரை முழுவதும் முதலினம், வழியினம் என்னும் சொற்கள் ஆளப்பட்டன. பத்தெழுத்துப் பெயரைப் பிள்ளைகள் நெட்டுருச் செய்வதும், பொருள் விளங்கும் பெயரைப் பிள்ளைகள் தாமே சொல்லிப் பார்ப்பதும் வேறு வேறு.

கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் தமிழ்வழி படித்துவிட்டுக் கணிப்பொறிக் கல்விக்குச் செல்லும் இளையோர் படும் பாடு இங்கே எண்ணத்தக்கது. வரையறையை ஆங்கிலத்தில் ஒப்பிப்பர். எடுத்துக்காட்டு ஒன்று கேட்டால் நூலில் உள்ள அதே நாயும் பூனையும் வரும். கண்முன் நிற்கும் கப்பலை அவர்கள் காட்டமாட்டார்கள். காட்டலாம் என்று எவரும் அவர்க்குச் சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்லப்படவில்லை. 2008 திசம்பரில் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு முதல், இனத்துக்கும் பண்புக்கும் செயலுக்கும் தமிழெழுத்திலேயே பெயரிடலாம். சாவாவில் இவ்வுரிமை தொடக்கம் முதலே உண்டு. மொழியின் ஆட்சிச்சொற்கள் சில மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும். எஞ்சிய பெயர்களெல்லாம் எழுதுவோன் விருப்பம். 'கலம்' என்று ஓர் இனம் வரைந்து, 'கட்டுமரம்' என்று அடுத்ததை எழுதி, அதன் பக்கத்தில் பிறைக்கோட்டுக்குள் 'கலம்' என இட்டால், பைத்தான் அதனை மறுக்காது. கட்டுமரம் அக்கணமே கலத்தின் வழியினம் ஆகும்.

அங்கிருந்தே இளையோர் தொடங்கலாம். காட்டுப்பள்ளிக் கடற்கரையை அடுத்த ஊர்களில் காண்பனவற்றை எழுதிக்கொள்க: கட்டுமரம், கண்ணாடியிழைப் படகு, விசைப்படகு, பெட்டகக் கப்பல், தொட்டிக்கப்பல், சுற்றுக்காவற்கலம். இவை அனைத்துக்கும் பொதுவாகக் 'கலம்' இனத்தில் எவற்றை வைப்பது? நீளம் வைக்கலாம், சுமைதாங்கும் அளவு வைக்கலாம். "எரிபொருள் நிரப்பு" என்னும் செயலை வைக்கலாமா? துடுப்பால் செல்லும் கட்டுமரத்துக்குத் தொட்டியே இல்லை. அதனிடம் அவ்வாணை போனால் நிரல் அங்கேயே தடுமாறி நிற்கும். லிசுகோவ் அம்மையாரின் அளவுகோலில் தோற்கும். சரி, 'பொறிக்கலம்' என நடுவில் ஓர் இனம் வகுத்து, பொறி உடையவற்றை அதன்கீழ் வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் படகின் பின்புறத்தில் மாட்டும் பொறியைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனவரைக் கரையில் காணலாம். காலையில் பொறிக்கலமாயிருந்த படகு மாலையில் வெறுங்கலமாகின்றது. இனமோ நாளுக்கு இருமுறை மாறுவதன்று. அப்பொறியை எங்கே வைப்பது, 'ஆகிய' என்பதிலா, 'உடைய' என்பதிலா என்று அவர்களே எழுதிப் பார்க்கட்டும்.